பெஞ்சில் இருந்தவர்களுக்கும் ஒரு பக்கம்: பாஸ்கெட்பால் ரெஃபரன்ஸ் தளம்

பாஸ்கெட்பால் ரெஃபரன்ஸ் தளத்தில் ஓர் ஆட்டக்காரரின் பக்கத்தைத் திறந்தால் நான் மேலே நிற்பதில்லை. புள்ளி சராசரி, அசிஸ்ட் (அடுத்தவர் புள்ளி எடுக்கக் கொடுத்த பாஸ்) சராசரி எல்லாவற்றையும் தாண்டி நேராகக் கீழே போய்விடுவேன். அங்கே ‘டிரான்சாக்‌ஷன்ஸ்’ என்று ஒரு பகுதி இருக்கிறது. எந்தத் தேதியில் எந்த அணி எடுத்தது, எந்தத் தேதியில் விடுவித்தது, யாருக்குப் பதிலாக யாரைக் கொடுத்தார்கள் என்று வரிவரியாகப் போட்டிருப்பார்கள். பெரிய நட்சத்திரங்களுக்கு அது நாலைந்து வரியில் முடிந்துவிடும். ஊர் ஊராகப் போன ஆட்டக்காரர்களுக்கு நீண்டுகொண்டே போகும். எனக்கு அந்த நீளமான பட்டியல்கள்தான் பிடிக்கும்.

காரணம் உண்டு. நான் 11 வருடம், பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்தும் பாயின்ட் கார்டாக ஆடினேன். அதில் பெரும்பகுதி இரண்டாவது பாயின்ட் கார்டு, அதாவது முதல் ஆள் களைத்தாலோ ஃபவுல் கூடிவிட்டாலோ உள்ளே போகிறவன். இப்போது இளையோர் அணிக்குப் பயிற்சி தருகிறேன். இந்தத் தளத்தை எத்தனையோ வருடமாகத் தினமும் பயன்படுத்துகிறேன். ஒரு முறையாவது இதைப் பற்றி நிதானமாக எழுத வேண்டும் என்று தோன்றியது.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2004-ல் தொடங்கிய தளம் இது. அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ.வின் முதல் சீசன் 1946-47 முதல் இன்றுவரை எல்லா ஆண்டுகளின் கணக்கும் இதில் இருக்கிறது. ஆட்டக்காரர்களின் பக்கங்களை இலவசமாகப் பார்க்கலாம். ‘இப்படி இப்படி ஆடியவர்கள் யார் யார்’ என்று நிபந்தனை போட்டுத் தேடும் வசதிக்கு ஸ்டாட்ஹெட் என்ற பெயரில் தனிச் சந்தா உண்டு. பத்திரிகையாளர்களுக்கு அது தேவைப்படலாம். என்னைப் போல ஒரு நேரத்தில் ஒரு மனிதனின் கதையைப் படிப்பவனுக்கு இலவசமே தாராளம்.

நான் இந்தத் தளத்தை மதிப்பதற்கு முதல் காரணம், இங்கே எல்லோருக்கும் ஒரே அளவு இடம். மைக்கேல் ஜோர்டனுக்கு என்ன அட்டவணையோ அதே அட்டவணைதான் வாழ்நாளில் இரண்டே ஆட்டம் ஆடியவருக்கும். எழுத்தும் கட்டங்களும் ஒன்றுதான். என்.பி.ஏ. களத்தில் ஒரு நிமிடம் கால் வைத்திருந்தாலும் அவருக்கு ஒரு பக்கம் உண்டு. பத்திரிகையோ தொலைக்காட்சியோ இதைச் செய்யாது.

இந்தத் தளம் என்ன செய்யும் என்று புரிய வேண்டுமானால் ஒரு பக்கத்தை எடுத்துக்கொள்வது நல்லது. இஷ் ஸ்மித் என்று தேடுங்கள்.

1988-ல் வட கரோலினாவின் சார்லட் நகரில் பிறந்தவர். ஆறடிதான் உயரம், அந்த லீகில் அது குள்ளம். வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்துக்காக ஆடினார். 2010 டிராஃப்டில், அதாவது அணிகள் முறை வைத்துப் புது ஆட்டக்காரர்களை எடுக்கும் ஆண்டுத் தேர்வில், 60 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த 60-ல் இவர் இல்லை. அப்படி யாரும் எடுக்காத ஒருவர் என்.பி.ஏ.வில் ஒரு வருடம் தாக்குப்பிடித்தாலே பெரிய விஷயம். இவர் 13 அணிகளுக்கு ஆடினார். அந்த லீகின் வரலாற்றில் வேறு யாரும் இத்தனை அணிகளுக்கு ஆடியதில்லை. அதற்கு முன் சக்கி பிரவுன், டோனி மேசன்பர்க், ஜிம் ஜாக்சன், ஜோ ஸ்மித் ஆகிய நால்வரும் ஆளுக்கு 12 அணிகளோடு முன்னால் இருந்தார்கள்.

இப்போது டிரான்சாக்‌ஷன்ஸ் பகுதியை மெதுவாகப் படியுங்கள். முதலில் ஹூஸ்டன். முதல் சீசன் முடிவதற்குள்ளாகவே, 2011 பிப்ரவரியில், ஷேன் பாட்டியரோடு சேர்த்து மெம்ஃபிஸுக்குக் கொடுத்துவிடுகிறார்கள். எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தவர்களில் ஹஷீம் தபீட் ஒருவர். தபீட் 2009 டிராஃப்டில் இரண்டாவதாக எடுக்கப்பட்டவர். டிராஃப்டில் இரண்டாவது ஆளும் டிராஃப்டிலேயே இல்லாத ஆளும் ஒரே வரியில், ஒரே பேரத்தில் இருக்கிறார்கள். எத்தனை முறை படித்தாலும் இந்த வரியில் நான் கொஞ்ச நேரம் நின்றுவிடுகிறேன்.

அடுத்து கோல்டன் ஸ்டேட். கொஞ்ச நாளில் விடுவிப்பு. பிறகு ஆர்லாண்டோ. 2013 பிப்ரவரியில் மறுபடி டிரேட், இம்முறை ஜே.ஜே. ரெடிக்கோடு மில்வாக்கிக்கு. அதே ஆண்டு ஆகஸ்டில் கேரன் பட்லருக்குப் பதிலாக ஃபீனிக்ஸுக்கு. கவனித்தால் ஒன்று புரியும். பாட்டியர், ரெடிக், பட்லர் என்று அந்த வரிகளில் எல்லாம் தலைப்புச் செய்தி வேறொருவர் பெயரில்தான். பேரத்தின் கணக்கைச் சரிசெய்யக் கூடவே அனுப்பப்படுகிறவர் இவர். ஆனால் வீட்டைக் காலி செய்து, பெட்டியைக் கட்டி, புது ஊரில் புது ஆட்ட முறைகளை ஒரே வாரத்தில் மனப்பாடம் செய்ய வேண்டியது இவரும்தான்.

2014-ல் ஃபீனிக்ஸ் விடுவித்தது. நவம்பரில் ஓக்லஹோமா சிட்டி. அந்தச் சமயம் அங்கே வெஸ்ட்புரூக், டுரான்ட் இருவரும் காயத்தில் இருந்தார்கள். ஆள் பற்றாக்குறைக்கு லீக் தரும் சலுகையில் எடுத்தார்கள். 2015 பிப்ரவரியில் நியூ ஆர்லியன்ஸுக்கு டிரேட். அங்கே ஓர் ஆட்டம்கூட ஆடவிடாமல் விடுவித்தார்கள். விடுவிக்கப்பட்ட ஆளை 48 மணி நேரத்துக்குள் வேறு அணி அதே ஒப்பந்தத்தோடு எடுத்துக்கொள்ளலாம். ஃபிலடெல்ஃபியா எடுத்துக்கொண்டது. கோடையில் வாஷிங்டனின் பயிற்சி முகாம், சீசன் தொடங்குவதற்குச் சற்று முன் அங்கிருந்தும் விடுவிப்பு, மறுபடி நியூ ஆர்லியன்ஸ். முன்பு ஆட விடாமலே அனுப்பிய அதே அணி.

அப்புறம் 2015 டிசம்பர் 24. இந்த வரிக்காகத்தான் நான் இந்தப் பக்கத்தைப் பலருக்கும் காட்டுகிறேன். ஃபிலடெல்ஃபியா அன்று 31 ஆட்டங்களில் 30-ல் தோற்றிருந்தது. நியூ ஆர்லியன்ஸுக்கு டிராஃப்டின் இரண்டாவது சுற்றில் ஆள் எடுக்கும் உரிமைகள் இரண்டைக் கொடுத்து, பத்து மாதத்துக்கு முன் இலவசமாகக் கிடைத்த அதே இஷ் ஸ்மித்தைத் திரும்ப வாங்கியது. இங்கே தளத்தின் இன்னொரு வசதிக்குப் போக வேண்டும்: ‘கேம் லாக்’. அந்த சீசனின் ஒவ்வொரு ஆட்டமும் தேதியோடு, எதிரணியோடு, முடிவோடு வரிசையாக இருக்கும். டிசம்பர் 26-ஐப் பாருங்கள். எதிரணி ஃபீனிக்ஸ், அவரை விடுவித்த பழைய அணி. ஃபிலடெல்ஃபியா வென்றது. அந்த சீசனில் அவர்களுக்கு அது இரண்டாவது வெற்றி.

அணி கடைசியில் 10 வெற்றி, 72 தோல்வியோடுதான் முடித்தது. அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் அந்தப் பத்தில் ஒன்பது, அவர் வந்த பிறகு கிடைத்தவை. ஃபிலடெல்ஃபியாவுக்கான வரியில் ஆட்டத்துக்கு 15-ஐ ஒட்டிய புள்ளிகளும் 7 அசிஸ்டும் இருக்கின்றன. ஐந்து வருடமாகக் கூடவே அனுப்பப்பட்டுக்கொண்டிருந்தவருக்கு ஒரு பந்தையும் முப்பது நிமிடத்தையும் கொடுத்தால் என்ன செய்வார் என்பது அந்த ஒரு வரியில் இருக்கிறது. அதற்கான பலன் அடுத்த கோடையில். 2016-ல் டெட்ராய்ட் மூன்று ஆண்டுக்கு ஒரு கோடியே 80 லட்சம் டாலருக்கு ஒப்பந்தம் போட்டது. பக்கத்தின் அடியில் சம்பள அட்டவணையும் இருக்கிறது. அதுவரை குறைந்தபட்சச் சம்பளத்தை ஒட்டி ஊர்ந்த எண்கள் அங்கே ஒரே தாவாகத் தாவுவதைப் பார்த்தபோது, சொந்தத் தம்பிக்கு நிரந்தர வேலை கிடைத்தது போல இருந்தது எனக்கு.

டெட்ராய்ட்டில் அவர் ரெஜி ஜாக்சனுக்கு மாற்று. 2017-18-ல் ஜாக்சன் கணுக்கால் காயத்தில் பல வாரம் வெளியே இருந்தபோது இவர் 35 ஆட்டங்களில் தொடக்க அணியில் நின்றார். அந்த சீசனின் 82 ஆட்டங்களிலும் ஆடினார். ஒரு மாற்று ஆட்டக்காரருக்கு இதைவிடப் பெரிய நற்சான்று எனக்குத் தெரியவில்லை. கூப்பிட்டபோதெல்லாம் தயாராக இருந்திருக்கிறார், அவ்வளவுதான் அதன் பொருள். அந்த அவ்வளவுதானைச் செய்து பார்த்தவர்களுக்கு அதன் கனம் தெரியும்.

கேம் லாக் பற்றி இன்னும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தத் தளத்திலேயே எனக்கு மிக நெருக்கமான பகுதி அது. ஆட்டக்காரர் ஆடாத நாட்களையும் அதில் விடாமல் குறித்திருப்பார்கள். ஆடாததிலும் வகை பிரித்திருக்கிறார்கள். உடை மாற்றித் தயாராக உட்கார்ந்தும் களமிறக்கப்படாதவர் ஒரு வகை. உடையே அணியாதவர் ஒரு வகை. அன்றைய பட்டியலிலேயே இல்லாதவர் இன்னொரு வகை. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு மூன்றும் ஒன்றுதான். உட்கார்ந்தவனுக்கு மூன்றும் வேறு. ஷூ லேஸை இறுக்கிக் கட்டி, கணுக்காலுக்கு டேப் சுற்றி, நாலு குவார்ட்டரும் கோச்சின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்து, ஒரு துளி வியர்வை இல்லாமல் திரும்பி வருவதை நான் பல முறை செய்திருக்கிறேன். என் காலத்து ஸ்கோர் புத்தகங்களில் அதற்கு இடம் கிடையாது. ஆடாதவன் பெயருக்கு எதிரே வெற்றுக் கட்டம் இருக்கும், அந்தப் புத்தகங்களும் இன்று எங்கே என்று தெரியாது. இங்கே அந்த இரவுக்கும் ஒரு வரி கொடுத்திருக்கிறார்கள். இப்படி ஒரு வரி வேண்டும் என்று முடிவுசெய்தவர் யாரோ, அவருக்கு என் நன்றி.

இந்தத் தளத்தில் நான் அடிக்கடி போகும் இன்னொரு பக்கம் ஆண்ட்ரே இங்கிரமுடையது. என்.பி.ஏ.வுக்குக் கீழே இருக்கும் ஜி லீகில் 10 வருடம் ஆடியவர். 2018 ஏப்ரல் 10 அன்று, 32 வயதில், நரைத்த தலையோடு லேக்கர்ஸ் அணிக்காக முதல் முறை என்.பி.ஏ. களத்தில் இறங்கினார். எதிரணி ஹூஸ்டன். 19 புள்ளிகள், ஐந்து மூன்று-புள்ளி முயற்சிகளில் நான்கு உள்ளே. செய்திகளில் அந்த ஓர் இரவு மட்டும்தான் வந்தது. தளத்தில் ஜி லீக் கணக்குகளும் இருப்பதால், அந்த இரவுக்குப் பின்னால் இருக்கும் பத்து சீசன்களையும் ஒவ்வொரு வரியாகப் பார்க்கலாம். அதைப் பார்த்த பிறகு அந்த 19-ஐப் படியுங்கள்.

அடுத்த ஆண்டு அவருக்குக் கிடைத்தது 10 நாள் ஒப்பந்தம். இதன் விதி தெரிந்தால்தான் பட்டியலில் வரும் தேதிகள் பேசும். ஜனவரி 5-க்குப் பிறகு ஓர் அணி ஓர் ஆட்டக்காரரை 10 நாளைக்கோ மூன்று ஆட்டங்களுக்கோ, எது நீளமோ அதற்கு, ஒப்பந்தம் செய்யலாம். ஒரே அணி ஒரே ஆளுக்கு ஒரு சீசனில் இரண்டு முறைதான் அப்படிச் செய்யலாம். பிறகு சீசன் முடியும்வரை வைத்துக்கொள்ள வேண்டும், அல்லது அனுப்ப வேண்டும். ஜனவரியில் ஒரு தேதி, பத்து நாள் கழித்து ஒரு தேதி, இன்னொரு பத்து நாள், அப்புறம் ஒன்றும் இல்லை என்று ஒரு பட்டியல் முடிந்தால், அங்கே என்ன நடந்தது என்று தளம் விளக்காது. விதி தெரிந்தவருக்கு விளக்கம் தேவைப்படாது.

நாடோடி ஆட்டக்காரர் என்றாலே திறமை போதாதவர் என்று நினைப்பவர்கள் ஜோ ஸ்மித்தின் பக்கத்தைப் பார்க்க வேண்டும். 1995 டிராஃப்டில் முதல் ஆளாக எடுக்கப்பட்டவர் அவர். அவரும் 12 அணிகள் மாறினார். மின்னசோட்டா அணி அவரோடு விதிக்குப் புறம்பாக ரகசிய உடன்பாடு வைத்திருந்தது 2000-ல் வெளியே வந்தது. லீக் ஒப்பந்தத்தை ரத்து செய்து, அணிக்கு 35 லட்சம் டாலர் அபராதமும் போட்டு, டிராஃப்டின் முதல் சுற்றுத் தேர்வு உரிமைகளையும் பறித்தது. அவர் டெட்ராய்ட் போய் ஒரு சீசன் ஆடிவிட்டு, மறுபடி மின்னசோட்டாவுக்கே வந்தார். பட்டியலில் இது இரண்டு மூன்று வரி.

எண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், மேலே இருப்பதெல்லாம் அவைதானே. மாற்று ஆட்டக்காரர்களின் பக்கத்தில் ஆட்டச் சராசரியை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். 12 நிமிடம் ஆடுபவர் 5 புள்ளி எடுத்தால் அது சின்ன எண்ணாகத்தான் தெரியும். ‘36 நிமிடத்துக்கு’ என்ற அட்டவணைக்கு மாறுங்கள். எல்லோரையும் ஒரே நேர அளவில் நிறுத்திக் காட்டும். அதே சமயம் அதை அப்படியே நம்பிவிடவும் கூடாது. முடிவு தெரிந்துவிட்ட ஆட்டத்தின் கடைசி நாலு நிமிடத்தில் மட்டும் இறங்குபவரின் கணக்கை 36-க்குப் பெருக்கினால் அவர் பெரிய வீரராகத் தெரிவார். மொத்த நிமிடங்கள் ஆயிரத்தைத் தாண்டாதவரின் 36 நிமிடக் கணக்கை நான் நம்புவதில்லை. இது என் அளவுகோல்தான், தளம் சொல்வதல்ல.

1996-97 முதலான சீசன்களுக்கு இன்னொரு அட்டவணை உண்டு. ஓர் ஆட்டக்காரர் களத்தில் இருந்தபோது அணி எவ்வளவு முன்னேறியது, வெளியே உட்கார்ந்தபோது எவ்வளவு என்று ஒப்பிட்டுக் காட்டும். இரண்டாவது பாயின்ட் கார்டின் வேலையே முதல் ஆள் ஓய்வெடுக்கும்போது அணியை விழாமல் தாங்குவதுதான். அந்த வேலையை ஓரளவாவது அளக்கும் எண் இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். நான் பயிற்சி தரும் பிள்ளைகளுக்குப் புள்ளிக் கணக்குக்கு முன்னால் இதைத்தான் சொல்லித் தருகிறேன்.

தளத்தில் இல்லாதது என்ன? காரணங்கள் இல்லை. ஓர் அணி ஏன் விடுவித்தது, அடுத்த அணி ஏன் கூப்பிட்டது என்பதற்கு எங்கும் இடம் கிடையாது. பயிற்சியில் எதிரணியின் நட்சத்திரத்தைப் போல ஆடிக் காட்டி சொந்த அணியைத் தயார்படுத்துவது, டைம் அவுட்டில் இளம் ஆட்டக்காரரிடம் இரண்டு வார்த்தை பேசுவது, இதற்கெல்லாம் கட்டம் கிடையாது. 2022 ஜூலையில் டென்வர் இஷ் ஸ்மித்தைக் கால்டுவெல்-போப்போடு வாங்கியது. அவருக்கு அது 13-வது அணி. அந்த சீசனில் 40 ஆட்டங்களைச் சற்றுத் தாண்டித்தான் களமிறங்கினார். கோப்பைக்கான பிளேஆஃப் சுற்றுகளில் சில நிமிடங்கள்தான். 2023 ஜூன் 12 அன்று மயாமியை வென்று டென்வர் கோப்பை வாங்கியது. 13 சீசன் ஓடியவருக்கு முதல் கோப்பை. அந்த அணிக்குள் அவர் என்னவாக இருந்தார் என்று எண்களில் தேடினால் கிடைக்காது. அதற்கு ஆட்டங்களைப் பார்க்க வேண்டும். ஆட்டம் முழுக்க பெஞ்சின் பக்கம் கண் வைத்துப் பார்க்க வேண்டும்.

பயன்படுத்துபவர்களுக்குச் சில யோசனைகள். தலைப்புகள் எல்லாம் ஆங்கிலச் சுருக்கெழுத்துகள். ஒவ்வொன்றின் மேலும் சுட்டியைக் கொண்டுபோனால் விரிவு தெரியும். ஒரு வாரத்தில் பழகிவிடும். அட்டவணைகள் அகலமானவை, ஆகவே முடிந்தால் கணினியில் பாருங்கள். சீசன் நடுவில் அணி மாறியவருக்கு ஒரே ஆண்டுக்குப் பல வரிகள் இருக்கும்: மொத்தத்துக்கு ஒன்று, அணிவாரியாக ஒவ்வொன்று. புதிதாகப் பார்ப்பவர்கள் குழம்பும் இடம் இது. நமக்கு வேண்டிய ஆட்கள் அந்தப் பல வரி ஆட்கள்தான், அதனால் அதைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்.

போன மாதம் எங்கள் அணித் தேர்வு நடந்தது. 12 பேர் பட்டியலில் இடம் கிடைக்காத ஒரு பெண், மறுநாளும் பயிற்சிக்கு வந்து ஓரமாக உட்கார்ந்திருந்தாள். எனக்குச் சமாதானம் சொல்ல வராது. மடிக்கணினியைத் திறந்து இஷ் ஸ்மித்தின் பக்கத்தை அவள் முன்னால் வைத்தேன். டிரான்சாக்‌ஷன்ஸ் முழுவதையும் படித்தாள். கடைசியில் 2023-ல் சொந்த ஊரான சார்லட்டின் அணிக்கே அவர் திரும்பிய வரி வரை வந்துவிட்டு, “இவரு எத்தனை வீடு மாத்தியிருப்பாரு சார்?” என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை என்றேன். அவளே டென்வர் ஆண்டின் கேம் லாக்கைத் திறந்து, ஆடவில்லை என்று குறித்திருந்த வரிகளை விரலை வைத்து எண்ண ஆரம்பித்தாள். நான் விசில் ஊத ஐந்து நிமிடம் தாமதித்தேன்.